ரிவர்ஸ் அண்ணன் முன்னால் ஓட்டிய கதை

மேலே எத்தனை மாடி இருந்தால் என்ன, ஒரு கட்டடத்தின் உயிர் அதன் கார் நிறுத்தும் தளத்தில்தான் இருக்கிறது என்பது ரிவர்ஸ் அண்ணனின் அசைக்க முடியாத கட்சி. மேலே பல் டாக்டர் இருக்கிறார், வங்கி இருக்கிறது, நாளெல்லாம் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடுகிற கம்ப்யூட்டர் கம்பெனி இருக்கிறது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் முதலில் இவரைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும். தாண்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கட்டடம் கட்டின புண்ணியவான் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று தூண்களை நெருக்கி நெருக்கி நட்டு வைத்துவிட்டுப் போய்விட்டான். சரிவுப் பாதையில் இறங்கி, இடது பக்கம் ஒடித்து, இரண்டு தூணுக்கு நடுவில் பின்பக்கமாக வண்டியை நுழைப்பதற்குள் கைதேர்ந்த டிரைவருக்கே நாக்கு தள்ளிவிடும்.

அங்கேதான் ரிவர்ஸ் அண்ணன் நிற்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. காக்கிச் சட்டை, தொப்பை என்று சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத வயிறு, தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. வண்டிக்குப் பின்னால், ஓட்டுபவரின் கண்ணாடியில் முழு ஆளாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, "வாங்க… வாங்க… அப்படியே… நல்லா வருது" என்பார். அவசரமே இருக்காது. தூங்கப் போகும் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசுவார். வண்டி வழுக்கிக்கொண்டு வந்து உட்காரும். அவர் வேலைக்கு வந்த பிறகு அந்தத் தூண்களில் ஒரு கீறல் புதிதாக விழுந்ததில்லை.

அதற்கும் கீழே இருந்த இன்னொரு நிறுத்தும் தளத்தில் இதே வேலையை இன்னொருவன் பார்த்தான். வாயில் எந்நேரமும் விசில் இருப்பதால் அவன் பெயரும் விசில். அவன் விசிலை ஊதி, கையை ஆட்டி, வண்டியின் முதுகில் தட்டி, "நிறுத்து நிறுத்து" என்று கத்துவான். அந்தக் கத்தலில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தவர்கள் உண்டு. மாதத்துக்கு ஒரு பம்பராவது அவன் தளத்தில் தரையைத் தொடும். ரிவர்ஸ் அண்ணன் மட்டும் 'நிறுத்து' என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார். "போதும்னு உங்களுக்குத் தோணுற இடத்துல நிறுத்திக்கோங்க" என்பார். சொல்லி வைத்த மாதிரி சரியான இடத்தில் நிற்கும். ஏன் அப்படி என்று விசில் பலமுறை மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

வங்கியில் வேலை பார்க்கும் சிவப்புக் கார் மேடம் முதல்நாள் வந்தபோது சரிவின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறந்து இறங்கி, "அண்ணா, என்னால ஆகாது. நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் நான்கைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன.

ரிவர்ஸ் அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். "அதெல்லாம் சரிப்படாதுங்க மேடம். உங்க வண்டி, நீங்கதான் போடணும். மெதுவா வாங்க, நான் இருக்கேன்ல. அவங்க ஹாரன் அடிச்சா அடிச்சிட்டுப் போறாங்க."

மேடம் உட்கார்ந்தார், வந்தார், போட்டார். அன்றிலிருந்து வருஷக்கணக்காக அதே இடத்தில் அதே மாதிரி போடுகிறார். யாருடைய வண்டியிலும் கை வைக்க மாட்டார், மனுஷன் கொள்கைக்காரர் என்று இவருக்குப் பெயர் வந்துவிட்டது.

கொள்கையாவது ஒன்றாவது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. விஷயம் அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் மனைவியின் அண்ணன் தன் வேனைக் காட்டி, "ஏறுங்க மாப்பிள்ளை, கத்துத் தர்றேன்" என்றார். ஏறினார். தெரு முனை வருவதற்குள் மச்சான் பக்கத்திலிருந்து எட்டி, "விடுங்க, விடுங்க, நான் புடிக்கிறேன்" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்க, இவர் ஒரு பக்கம் இழுக்க, வேன் எதிர்வீட்டு மதில் சுவரைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. உயிருக்கு ஒன்றும் இல்லை, மானம்தான் போனது. அந்தக் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் மச்சான் அந்தக் கதையைத்தான் எடுப்பார். "எங்க மாப்பிள்ளைக்கு மதில் மேல அவ்வளவு ஆசை" என்று ஆரம்பிப்பார். சபை சிரிக்கும், இவரும் சேர்ந்து அசடு வழிவார். அதற்குப் பிறகு அவர் எந்த ஸ்டீயரிங்கையும் தொடவில்லை.

தினமும் வேலைக்கு வருவது மனைவியின் ஸ்கூட்டரில், பின்சீட்டில். அந்த அம்மாள் துணி தைக்கும் தொழிற்சாலையில் ஒரு வரிசை முழுவதையும் மேய்க்கிற சூப்பர்வைசர். ஸ்கூட்டரையும் அப்படித்தான் மேய்ப்பாள். பின்னாலிருந்து இவர், "லெஃப்ட்ல ஒரு ஆட்டோ வருது… பாத்து… நல்லா வருது" என்று தொழில் தோஷத்தில் முணுமுணுப்பார். "ரெண்டுல ஒண்ணு, நான் ஓட்டணும், இல்ல நீங்க பேசணும்" என்பாள். கட்டடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி நடந்து வந்துவிடுவார். ஓட்டத் தெரியாதவன் வாயைக் கேட்டா இத்தனை நாள் வண்டியைத் திருப்பினோம் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் போதும், அவ்வளவு பேருக்கும் கை உதறும். அது அவருடைய நிஜமான பயம். இந்த உலகத்தில் அவருக்கு என்று இருந்த ஒரே சொத்து அவர் சொல்லுக்கு இருந்த மதிப்புதான்.

அதற்கும் ஆபத்து வந்தது. புதிதாக வந்த மேனேஜர் துடிப்பான பையன். இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அண்ணே, இன்னும் மூணு மாசம் கழிச்சு வேணும்கிறவங்க மேல வாசல்லயே சாவியைக் குடுத்துட்டுப் போயிடலாம். நாமதான் கீழ கொண்டுபோய்ப் போடணும். பின்னாடி நின்னு வாங்க வாங்கன்னு சொல்ற வேலை இனிமே கெடையாது. லைசென்ஸ் காப்பி மட்டும் எல்லாரும் குடுத்துடுங்க. உங்களுக்கு என்ன, தண்ணி பட்ட பாடு."

"ஆமாமா" என்றார் ரிவர்ஸ் அண்ணன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "லைசென்ஸ் இல்லாதவங்களை என்ன பண்ணுவீங்க தம்பி?"

"வேற ஆள்தான் போடணும். என்ன பண்றது?"

அன்றைக்கே வீட்டில் சொன்னார். மறுநாள் காலையில் மனைவி ஸ்கூட்டரை நேராக ஒரு டிரைவிங் ஸ்கூல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இறங்குங்க" என்றாள்.

டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண், கெட்டிக்காரி. ஆனால் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருந்தன. எந்த நேரமும் அவற்றின் மேல் அவளுடைய கால் இருந்தது. ரிவர்ஸ் அண்ணனின் கண் சாலையில் இருக்காது, அந்தக் காலில்தான் இருக்கும். அது அசைந்தால் இவருக்கு உடம்பு தூக்கிப் போடும். இவர் மிதிப்பதற்குள் அவள் மிதிப்பாள். இவர் திருப்புவதற்குள் ஸ்டீயரிங்கில் அவள் கை வந்துவிடும். வண்டி குலுங்கி ஆஃப் ஆகும். சிக்னலில் நின்றால் கிளம்பாது, கிளம்பினால் நிற்காது. சைக்கிளில் போன ஒரு பெரியவர் இவர்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனார்.

ஆனால் ஒருநாள், "சரி, அந்தச் சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுங்க, பாப்போம்" என்று டீச்சர் அலுத்துப்போய்ச் சொன்னாள். ரிவர்ஸ் அண்ணன் கியரைப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார், "வாங்க… வாங்க… அப்படியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டி வெண்ணெயாக உள்ளே போய், சுவருக்கு ஒரு கை இடைவெளி விட்டு நின்றது. டீச்சர் கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார், இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லைங்க. வண்டியோட பின்பக்கம் எனக்குத் தெரிஞ்சவங்க மாதிரி."

"முன்பக்கம்?"

"அறிமுகமே கெடையாது டீச்சர்."

"அப்போ உங்களை ரிவர்ஸ்லயே ஊர் சுத்தி வரச் சொல்லவா?" என்றாள் அவள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

டெஸ்டிலும் அதுதான் நடந்தது. கிளம்பச் சொன்னார்கள், வண்டி குதித்து நின்றது. வளைவில் இரண்டு கூம்புகளை உருட்டித் தள்ளினார். பின்பக்கமாகக் கோட்டுக்குள் நிறுத்தச் சொன்னபோது மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி நிறுத்தினார். வெளியே எடுக்கச் சொன்னார்கள். மறுபடி குதித்து நின்றது. "பின்னாடி மட்டும் ஓட்டத் தெரிஞ்ச ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றார் அதிகாரி. கேலியாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே வியந்துபோய்ச் சொன்னார். அது இன்னும் வலித்தது.

போதாக்குறைக்கு அன்றைக்கு அங்கே விசிலும் வந்திருந்தான், தன்னுடைய லைசென்ஸைப் புதுப்பிக்க. மறுநாள் காலைக்குள் கட்டடம் முழுக்க டமாரம் அடித்துவிட்டான். பல் டாக்டர்கூட, "என்ன ரிவர்ஸ், கேள்விப்பட்டேனே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் சிவப்புக் கார் வந்தது. ரிவர்ஸ் அண்ணன் எப்போதும் போல நின்றார். "வாங்க மேடம்… வாங்க… நல்லா வருது" என்றார். அதே குரல், அதே இடம், அதே தூண்கள். வண்டி பாதியில் தயங்கியது. முன்னால் போனது, திரும்ப வந்தது, கோணலாக ஒடிந்தது. "கொஞ்சம் ரைட்ல…" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிரீச் என்று சத்தம். இத்தனை வருஷத்தில் முதல் கீறல். கதவு முழுக்கச் சிவப்பு உரிந்து, தூணில் ஒட்டிக்கொண்டது.

மேடம் இறங்கி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கே ஓட்டத் தெரியாதாமே அண்ணா. நெசமா?"

"ஆமாங்க மேடம்."

"நான் உங்களை நம்பித்தானே தினமும் இதுக்குள்ள வந்தேன்? இத்தனை வருஷமா ஏமாத்தியிருக்கீங்க."

ரிவர்ஸ் அண்ணனுக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது. வெட்கமும் பயமும் தூக்கமில்லாத கண்ணும் எல்லாம் சேர்ந்து வந்தது.

"மேடம், நான் நின்னது பின்னாடி. இத்தனை வருஷமா ஸ்டீயரிங் யாரு கையில இருந்துச்சு? பிரேக் யாரு காலுல இருந்துச்சு? நான் வெறும் வாய் மேடம். வாய் எங்கயாவது வண்டி ஓட்டுமா? ஓட்டுனது பூரா நீங்க."

மேடம் கோணலாக நின்ற வண்டியை அப்படியே விட்டுவிட்டு மேலே போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து சிவப்புக் கார் உள்ளே வரவில்லை. இரண்டு தெரு தள்ளி, வெயிலில், சாலையோரத்தில் நின்றது. அதை ரிவர்ஸ் அண்ணன் ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டு வந்தார். மேனேஜர் தூணைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், "அண்ணே, மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் வந்துடணும். எனக்கும் மேல பதில் சொல்ல முடியல" என்றான்.

"விட்டுடலாம்னு பாக்குறேன்" என்றார் அன்று சாயங்காலம் வீட்டில். "எனக்கு வராது. மச்சான் அன்னிக்கே சொன்னார்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எங்க அண்ணன் என்ன சொன்னார்? அன்னிக்கு வேன் நேராத்தான் போச்சு. அவர் எட்டிப் புடிச்சு இழுத்தாரு, மதில்ல போச்சு. நான் பின்சீட்ல உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்களும் சேந்து சிரிச்சீங்க. சரி, ஆள் பெருந்தன்மையா விட்டுட்டாருன்னு நெனச்சேன். உண்மையிலேயே நம்பிட்டீங்களா?" என்று கேட்டவள் அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா" என்றாள். அவள் குரல் உடைந்தது.

அவர் அந்த மதில் சுவர்க் காட்சியை மனதுக்குள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். மச்சானின் கை. டீச்சரின் கால். விசிலின் ஊதல். அவருக்கு மெல்ல மெல்ல ஒன்று உறைத்தது. பயந்து நடுங்கி வந்த எத்தனையோ பேருக்கு அவர் ஒன்றைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். உங்கள் வண்டி, நீங்களே போடுங்கள் என்று. கொடுத்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, வேறு வழியில்லை, போகட்டும். ஆனால் அதை இவருக்கு யாரும் கொடுத்ததில்லை. இவரும் யாரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் கேட்டார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. காலை எடுத்துடுங்க."

"எதிலேர்ந்து?"

"பிரேக்லேர்ந்து. நானா கேட்டா மட்டும் மிதிங்க. கையையும் மடியில வெச்சுக்கோங்க. எதையாவது இடிச்சா என் பொறுப்பு."

"உங்க பொறுப்பு இல்ல சார், என் ஸ்கூல் வண்டி" என்றாள் அவள். ஆனால் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த ஆளின் குரலில் அன்றைக்கு என்னவோ இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பாத்துக்கோங்க, கால் இங்க இருக்கு. மெயின் ரோடு வேணாம், அந்தப் பூங்காவைச் சுத்துங்க. எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க."

முதல் சுற்றில் இரண்டு முறை ஆஃப் ஆனது. ஆனால் கிளட்சை அவர் காலே தேடிக் கண்டுபிடித்தது. யாரும் மிதித்துக் கொடுக்கவில்லை. இரண்டாவது சுற்றில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. பழக்க தோஷத்தில் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். சம்மணம் கலையவில்லை. அவரே மிதித்தார், வண்டி நின்றது, நாய் நிதானமாகப் போனது. அவருக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் போகும்போது தனக்குச் சொல்லிக்கொள்ள 'வாங்க வாங்க' இருந்தது. முன்னால் போக ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. அதையும் அன்றைக்கே உண்டாக்கிக்கொண்டார். "போங்க… போங்க… நல்லாப் போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டே பூங்காவைச் சுற்றினார். டீச்சர் நிறுத்தச் சொல்லும்வரை சுற்றினார். அவள் நிறுத்தச் சொல்ல மறந்துபோயிருந்தாள்.

இரண்டாவது டெஸ்டில் அதே அதிகாரி. இவரைப் பார்த்ததும், "ஓ, நீங்களா" என்று சாய்ந்து உட்கார்ந்தார். ரிவர்ஸ் அண்ணன் கும்பிட்டுவிட்டு ஏறினார். போன முறை ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது அதை யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று காத்திருந்த கை, இந்த முறை காத்திருக்கவில்லை. கிளம்பினார். வளைந்தார். ஒரு கூம்பை லேசாக உரசினார். அது ஆடி, யோசித்து, நின்றுவிட்டது. நடுவில் என்ஜின் ஒருமுறை அணைந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார். ரிவர்ஸ் அண்ணன் பதறாமல், "இருங்க சார், அவசரம் இல்ல" என்று அந்த அதிகாரிக்கே தைரியம் சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பி மறுபடி கிளப்பி, பாக்கியை முடித்தார். பேனா பாஸ் என்று எழுதியது.

மாதம் பிறந்தது. மேல் வாசலில் சாவிப் பெட்டியோடு ரிவர்ஸ் அண்ணன் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் லைசென்ஸ். அன்று காலை மட்டும் எத்தனையோ வண்டிகளை முன்னால் ஓட்டி இறக்கி, பின்னால் செருகிவிட்டு வந்தார். அப்போது சிவப்புக் கார் வந்தது. கதவில் அந்தக் கீறல் அப்படியே இருந்தது. ரிவர்ஸ் அண்ணன் ஓடிப்போய்க் கையை நீட்டினார்.

"வாங்க மேடம். சாவியைக் குடுங்க, நானே போட்டுடறேன். லைசென்ஸ் வாங்கிட்டேன், பாருங்க."

மேடம் கண்ணாடியை இறக்கி, அட்டையை வாங்கிப் பார்த்தார். படத்தில் அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். "ரொம்ப சந்தோஷம்ணா" என்றார் மேடம். நிஜமான சந்தோஷம்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

"இன்னும் கோபமா மேடம்?"

"கோபம் இல்லண்ணா. அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டு ரெண்டு நாள் ஆத்திரமா வந்துச்சு. அப்புறம் ரோட்டோரமா தனியா போட்டுப் பாத்தேன். பின்னாடி ஒரு ஆளும் இல்ல. போட வந்துச்சு. அதான், இன்னிக்கு உள்ள வந்தேன்."

சொல்லிவிட்டு வண்டியைச் சரிவில் இறக்கினார். ரிவர்ஸ் அண்ணனுக்குக் கால் நிற்கவில்லை. சாவிப் பெட்டியைப் பக்கத்தில் நின்ற மேனேஜர் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். வண்டி இடது பக்கம் ஒடிந்து நின்றது. இவர் வழக்கமான இடத்தில், இரண்டு தூணுக்கும் நடுவில் போய் நின்று, கையைத் தூக்கி, வாயைத் திறந்தார்.

ஜன்னலிலிருந்து மேடத்தின் தலை வெளியே வந்தது.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. கண்ணாடியில நீங்கதான் தெரியுறீங்க, தூண் தெரியல."

ரிவர்ஸ் அண்ணன் தள்ளி நின்றார்.